கணுக்காலில் அடிபட்ட பின் தங்கிவிடும் கட்டி: எது ஆறும், எதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

படிக்கட்டில் கால் தவறியோ, குண்டும் குழியுமான சாலையில் பாதம் மடங்கியோ கணுக்காலில் அடிபடுவது அன்றாடம் நிகழ்வதுதான். சில நாட்களில் வலி தணிந்து நடை இயல்புக்குத் திரும்பிவிடும். அதன் பின்னரும் கணுக்காலின் ஒரு பக்கத்தில் புடைப்பு ஒன்று தங்கிவிடுவதுண்டு. விரலால் தொட்டால் உருண்டையாகவோ கல்லைப் போன்றோ தட்டுப்படும் அது அடியின் மிச்சமா, எலும்பு சரியாகக் கூடவில்லையா, வேறு ஏதேனும் நோயா என்ற கவலை அப்போது எழுகிறது.

இத்தகைய புடைப்புகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் இந்த விஷயத்தில் இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன. தானாக வடியக்கூடிய வீக்கத்தைப் புற்றுநோய் என்று எண்ணி உறக்கம் இழப்பது ஒன்று. மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டிருக்கும் கட்டியை, ‘அன்று அடிபட்டதால் வந்தது’ என்று காரணம் சொல்லி விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவது தவறே ஆபத்தானது. அடிபட்டதால் கட்டி உண்டாவது வேறு. ஏற்கெனவே அங்கிருந்த கட்டி அடிபட்ட பிறகு கண்ணில் படுவது வேறு. வலி இருக்கிறதா என்பதைக் கொண்டு மட்டும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. கட்டி எப்போது தோன்றியது, நாளுக்கு நாள் சிறுக்கிறதா பெருக்கிறதா என்பதைக் கொண்டே மருத்துவர்கள் முதலில் முடிவுக்கு வருகின்றனர்.

முதல் சில நாட்கள்

கணுக்கால் மூட்டு மூன்று எலும்புகள் சேருமிடம். முழங்காலிலிருந்து இறங்கும் பெரிய எலும்பின் கீழ்முனை உட்புறத்திலும், மெல்லிய எலும்பின் கீழ்முனை வெளிப்புறத்திலும் குமிழ்களாகப் புடைத்திருக்கின்றன. அவற்றுக்கு இடையே பாதத்தின் தாலஸ் எலும்பு பொருந்தி நிற்கிறது. இவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை லிகமென்ட் எனப்படும் தசைநார்கள். பாதம் உட்பக்கமாக மடங்கும்போது வெளிப்புறக் குமிழுக்குச் சற்று முன்னால் உள்ள தசைநாரே பெரும்பாலும் முதலில் கிழிகிறது. சுளுக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்தக் கிழிவைத்தான்.

தசைநார் கிழிந்தவுடன் அங்குள்ள சிறு ரத்தக் குழாய்களும் அறுந்து, சில நிமிடங்களிலேயே கோழிமுட்டை போன்ற வீக்கம் எழலாம். பார்க்க அச்சம் தந்தாலும், வீக்கத்தின் பருமனை மட்டும் வைத்து எலும்பு முறிவைக் கணிக்க இயலாது. பெரிய வீக்கத்தின் அடியில் எலும்பு முழுமையாக இருப்பதும், சிறிய வீக்கத்தின் அடியில் விரிசல் இருப்பதும் உண்டு. தேங்கிய ரத்தம் அடுத்தடுத்த நாட்களில் புவியீர்ப்பால் கீழிறங்கி, குதிகாலின் ஓரத்திலும் விரல்களின் அடியிலும் கருநீலமாகப் பரவும். அடிபடாத இடத்தில் நிறம் மாறுகிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. ரத்தத்தின் நிறமி சிதையச் சிதைய அந்த நிறம் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறி, இரண்டு மூன்று வாரங்களில் மறையும்.

முதல் நாளிலேயே எக்ஸ்ரே தேவையா என்பதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் நெறிமுறை ஒன்று உள்ளது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் தலைமையிலான மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டு வெளியிட்டதால் அது ஒட்டாவா விதிகள் என்று அழைக்கப்படுகிறது. கணுக்காலின் உள், வெளிக் குமிழ்களின் நுனியையோ, அவற்றின் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரையிலான பகுதியையோ அழுத்தும்போது எலும்பில் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கு நேராகப் பின்னால் துருத்தியிருக்கும் எலும்பிலோ, உட்புற வளைவின் மேலுள்ள எலும்பிலோ அவ்வாறு வலித்தாலும் எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் மருத்துவமனையை அடைந்த பிறகும் தொடர்ந்து நான்கு அடிகள் எடுத்து வைக்க முடியாதவருக்கும் எக்ஸ்ரே அவசியம். நொண்டியபடி நடந்தாலும் நான்கு அடி நடந்ததாகவே கணக்கு. இவற்றில் எதுவும் இல்லையெனில் முறிவு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

கால்களில் உணர்ச்சி மங்கிய சர்க்கரை நோயாளிகளுக்கும், மது அருந்திய நிலையில் விழுந்தவர்களுக்கும் இந்த விதிகளைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. வலியை உணர முடியாதவரிடம் வலியைக் கேட்டுத் தீர்மானிப்பதில் பொருளில்லை.

பாதம் கோணலாகத் திரும்பியிருத்தல், விரல்கள் குளிர்ந்து வெளிறுதல் அல்லது மரத்துப் போதல், தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு தெரிதல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள். காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சூடேறி அசைக்கவே முடியாமல் போனாலும் காலம் தாழ்த்தலாகாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். மாவுக்கட்டு போட்டு அசையாமல் இருந்தவருக்குக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதனுடன் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை.

எண்ணெய், கட்டு, பனிக்கட்டி

அடிபட்ட காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. ஆந்திரத்தின் புத்தூர் போன்ற ஊர்கள் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர் பெற்றவை. எந்த மருத்துவ முறையை நாடுவதாக இருந்தாலும், எலும்பு முறிந்துள்ளதா என்பதை எக்ஸ்ரே மூலம் அறிந்துகொள்ளாமல் காலை இழுத்து நீவவோ இறுகக் கட்டவோ கூடாது. விலகாத முறிவு நீவுவதால் விலகலாம். அடிபட்ட கால் மேலும் வீங்கும் என்பதால், இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். கட்டிய பின் விரல்கள் நீலமாவதும் வலி பன்மடங்கு கூடுவதும் கட்டை உடனே அவிழ்க்க வேண்டியதற்கான அறிகுறிகள்.

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கு அம்ச முதலுதவியை 1978-ல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பரப்பினார். பனிக்கட்டியும் முழு ஓய்வும் திசுக்கள் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். துணியில் சுற்றிய பனிக்கட்டி வலியைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் முறிவு இல்லையெனில், வலி அனுமதிக்கும் அளவுக்கு விரைவில் நடக்கத் தொடங்குவதும், ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகளைச் செய்வதுமே இன்று அதிகம் வலியுறுத்தப்படுகின்றன. அந்தப் பயிற்சிகளைத் தவிர்ப்பவர்களுக்கே கணுக்கால் மீண்டும் மீண்டும் மடங்கி, வீக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

வாரங்கள் கடந்தும் வடியாத புடைப்பு

கடுமையான சுளுக்கில் லேசான வீக்கம் மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கலாம். காலையில் குறைந்தும், நாள் முழுக்க நின்றபின் மாலையில் கூடியும் காணப்படுவது அதன் இயல்பு. கிழிந்த தசைநார் தழும்பாக ஆறும்போது அந்த இடம் சற்றுத் தடித்துவிடும். தேங்கிய ரத்தம் முழுவதும் கரையாமல் உறைந்து இறுகினால் சிறு உருண்டையாகத் தட்டுப்படும். இவை மெல்ல மெல்லச் சிறுப்பவை. அரிதாக, நசுங்கிய தசைக்குள் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பு போலவே இறுகுவதும் உண்டு. தொடையிலும் புயத்திலும்தான் இது அதிகம். எக்ஸ்ரேயில் இது தெரிய மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

முறிந்த எலும்பு கூடும்போது அந்த இடத்தில் புது எலும்பு மொத்தையாக வளரும். முதல் நாளில் முறிவு கண்டறியப்படாமல் போனவர்கள், பல வாரங்களுக்குப் பின் கல்லைப் போன்ற புடைப்பு ஒன்றை உணர்வது இதனால்தான். தாலஸ் எலும்பின் வெளி ஓரத்தில் நேரும் முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும், அதற்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படும். சுண்டுவிரலின் பின்னுள்ள எலும்பு முறிவதும் கணுக்கால் சுளுக்கு என்றே தவறாகக் கொள்ளப்படுகிறது. இவ்வகை முறிவுகளில் ஒன்றுக்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். பிரிட்டனின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ், நடனமாடும்போது தமக்கே நேர்ந்த முறிவை ஆராய்ந்து 1902-ல் அதனை விவரித்தார். சுளுக்கு என்று கூறப்பட்ட கால், ஆறு வாரங்களுக்குப் பிறகும் ஒரே புள்ளியில் வலித்தால் மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பது முறையானது.

சிறுவர்களின் நிலை சற்று வேறானது. அவர்களின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு, தசைநாரைக் காட்டிலும் வலுக் குறைந்தது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அதே அடி, பத்து வயதுச் சிறுவனுக்கு வளர்ச்சித் தட்டில் முறிவாகலாம்.

நோயே அல்லாத புடைப்புகளும் உள்ளன. வெளிப்புறக் குமிழுக்கு முன்னால் பாதத்தின் மேற்பகுதியில் சிறு தசை ஒன்றும், அதை ஒட்டிய பள்ளத்தில் கொழுப்புத் திரளும் எல்லோருக்கும் இருக்கின்றன. சிலருக்கு இவை மெத்தென்ற கட்டியைப் போலவே தெரியும். பத்தில் ஒருவர் என்ற அளவில் பாதத்தின் உட்புறத்தில் கூடுதலாக ஒரு சிற்றெலும்பு பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அடிபட்ட பிறகே கால் உற்று நோக்கப்படுகிறது என்பதால், ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தவை புதிதாகத் தோன்றியவை போல் அச்சமூட்டுகின்றன. மற்ற காலை அதே கோணத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்தக் கவலையில் பாதி தீர்ந்துவிடும்.

நீர்க்கட்டியும் தசைநாண் முடிச்சும்

மூட்டின் உறையிலிருந்தோ தசைநாணின் உறையிலிருந்தோ பிதுங்கும் கேங்க்லியன் என்ற நீர்க்கட்டி மணிக்கட்டில் மிகுதியாகவும், கணுக்காலில் ஓரளவும் காணப்படுகிறது. உள்ளே கெட்டியான பசை போன்ற திரவம் இருக்கும். சில வாரங்கள் பெரிதாகி, சில வாரங்கள் சிறிதாவது இதன் தனி அடையாளம். இருட்டறையில் கைபேசி விளக்கை அதன்மேல் வைத்தால் ஒளி ஊடுருவித் தெரியலாம். கனமான புத்தகத்தால் அடித்து உடைப்பது பழைய கால வழக்கம். அதனால் எலும்பு அடிபடுவதே மிச்சம். ஊசியால் திரவத்தை உறிஞ்சினாலும் பலருக்கு மீண்டும் வரும். வலியோ நரம்பு அழுத்தமோ இல்லாத நீர்க்கட்டியை அப்படியே விட்டுவிடுவதில் தவறில்லை.

தரையில் நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்து வேலை செய்வோருக்கு, வெளிப்புறக் குமிழ் தரையில் அழுந்தி உராய்வதால் அதன்மேல் நீர்ப்பை ஒன்று உருவாகும். தையல், பீடி சுற்றுதல், நகை வேலை போன்ற தொழில்களில் இருப்போர் மெத்தை இட்டு அமர்ந்தாலே பெரும்பாலும் அது குறையும். அங்கு சீழ் பிடித்தால் மட்டும் சிகிச்சை அவசரமாகிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தவர்களுக்குச் சிறு அடிகூட கவுட் எனும் மூட்டுவாதத்தைத் தூண்டி, ஒரே இரவில் கணுக்காலைச் சிவக்க வீங்கச் செய்யலாம்.

குதிகாலுக்கு மேலே கயிறு போல் தட்டுப்படும் அகில்லஸ் தசைநாணில் தோன்றும் முடிச்சைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது. குதிகாலுக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையிலான பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கு ஏற்படும் நுண்கிழிவுகள் ஆறி ஆறி முடிச்சாகின்றன. யாரோ பின்னாலிருந்து உதைத்ததைப் போன்ற உணர்வுடன் ஓசை கேட்டு, பின்னர் அங்கு பள்ளம் தெரிந்து, முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாமல் போனால் நாண் முழுவதும் அறுந்திருக்கிறது என்று பொருள். சிப்ரோஃபிளாக்சசின் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இந்த நாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலேயே இவற்றை வாங்கி உண்ணும் பழக்கம் இந்தியாவில் இருப்பதால், இந்தக் கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி தாமாகவே சொல்வது நல்லது.

இரண்டு கால்களின் அகில்லஸ் நாண்களும் வலியின்றித் தடித்து முடிச்சுகளாக இருந்தால் காரணம் அடி அல்ல. பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு நோயில், கொலஸ்ட்ரால் அங்கே படிவதால் உண்டாகும் திட்டுகள் அவை. உலக அளவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு உள்ள இந்த நோய், இளவயதிலேயே மாரடைப்பைத் தரக்கூடியது. கால் முடிச்சுக்காக வந்தவருக்கு ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எழுதித் தரப்படுவதன் பின்னணி இதுவே.

முள் குத்திய காலும் மதுரைப் பாதமும்

வயலிலும் காட்டிலும் வெறுங்காலுடன் நடப்போருக்கு அடி என்பது பெரும்பாலும் முள் குத்துவதுதான். முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்து தங்கினால், அதைச் சுற்றி உடல் எழுப்பும் தடுப்பே கட்டியாகிறது. கண்ணாடித் துண்டும் உலோகமும் எக்ஸ்ரேயில் தெரியும். முள்ளும் மரச் சிராயும் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதைக் கொண்டு உள்ளே எதுவும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அவற்றைக் காட்டுவது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை.

முள்ளுடன் மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே நுழைந்தால் மைசெட்டோமா என்ற நோய் தொடங்கலாம். 1842-ஆம் ஆண்டு மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்ததால், உலக மருத்துவ நூல்களில் இதற்கு ‘மதுரைப் பாதம்’ என்ற பெயர் நிலைத்தது. தமிழகத்தில் மட்டுமன்றி ராஜஸ்தான் போன்ற வறண்ட மாநிலங்களிலும் இது காணப்படுகிறது. நோயின் போக்கு மெதுவானது: குத்திய காயம் ஆறி மறந்துபோன பின், மாதங்கள் கழித்து, வலியற்ற ஒரு கெட்டிக் கட்டி தோன்றும். பின்னர் அதில் துளைகள் உண்டாகி, கசியும் நீரில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் அல்லது சிவப்பு நிறக் குருணைகள் வெளிவரும். வலி இல்லாததால் ஏழைத் தொழிலாளர்கள் மருத்துவமனையை நாடுவதற்குள் நோய் எலும்பை எட்டிவிடுகிறது. உலக சுகாதார அமைப்பு 2016-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பாக்டீரியாவால் வந்தது எனில் நுண்ணுயிர்க்கொல்லிகள் நன்கு பலனளிக்கும். பூஞ்சையால் வந்ததற்கு நீண்டகால மருந்தும், பல நேரங்களில் அறுவை சிகிச்சையும் தேவை. குருணையைப் பரிசோதித்து எந்த வகை என்று அறியாமல் மருந்து தொடங்குவது வீண்.

எலும்புக் காசநோயும் மறக்கக் கூடாத ஒன்று. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். எலும்பைத் தாக்கும் காசநோய் முதுகெலும்பையே அதிகம் நாடினாலும் கணுக்காலையும் விட்டுவைப்பதில்லை. இருமல் இல்லாமலே இது வரலாம். சூடோ சிவப்போ இல்லாமல் மூட்டு மாதக்கணக்கில் வீங்கியிருக்கும். கெண்டைக்கால் தசை மெலியும். சிலருக்கு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருக்கும். ‘ஆறு மாதத்துக்கு முன் கால் பிசகியது’ என்ற வரலாறே பலரிடம் நோயை மறைத்துவிடுகிறது. திசுவை எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்த பின், ஓராண்டு அல்லது அதற்கு மேலும் மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்துகள் இலவசம்.

வலிக்காத வீக்கம்: சர்க்கரை நோயாளிகளுக்கு

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. நீண்ட காலமாக இந்நோய் உள்ளவர்களுக்குப் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. அவர்களுக்குச் சிறு அடி பட்டதும், சில நேரங்களில் அடிபட்டது தெரியாமலேயே, ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடேறும். வலி மிகக் குறைவாக இருக்கும், அல்லது இராது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் இயல்பாகவே தெரியலாம். இது சார்கோ பாதம் எனப்படும் நிலை. பிரான்ஸ் நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் சார்கோ 1868-ல் வேறொரு நரம்பு நோயில் விவரித்த மூட்டுச் சிதைவு இது. இன்று இதற்கு முதன்மைக் காரணம் சர்க்கரை நோய்.

இந்த நிலையில் காலை ஊன்றி நடந்தால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நொறுங்கி, பாதத்தின் வளைவு சரிந்து, அடிப்பாகம் படகு போல் வெளிப்புறம் வளைந்துவிடும். பிறகு அந்த வளைவில் புண் ஏற்பட்டு, காலை அகற்றும் நிலைக்கும் கொண்டுசெல்லும். தொடக்கத்திலேயே கண்டறிந்து, பாதம் முழுவதையும் தழுவும் மாவுக்கட்டு இட்டு, மாதக்கணக்கில் சுமையைத் தவிர்த்தால் பாதத்தின் வடிவத்தைக் காக்க முடியும். வலிக்கவில்லையே என்று நடமாடுவதுதான் இங்கு பெருங்கேடு. இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

அடியும் புற்றுநோயும்

அடிபட்ட இடத்தில் புற்றுநோய் வருமா என்ற கேள்வியே பலரின் கவலைக்கு அடிப்படை. அடிபடுவதால் புற்றுநோய் உண்டாகிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. ஆனால் எலும்பிலோ தசையிலோ புற்றுக்கட்டி உள்ளவர்கள் பலர், ‘அங்கே முன்பு அடிபட்டது’ என்று கூறுவது உண்மை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. அல்லது கட்டியால் வலுவிழந்த இடத்தில் சிறு அடியே பெரும் வலியைத் தருகிறது.

மென்திசுக்களில் தோன்றும் சார்கோமா வகைப் புற்றுநோய், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 சதவீதமே. கணுக்காலில் தட்டுப்படும் ஒரு கட்டி இதுவாக இருப்பதற்கான வாய்ப்பு மிகச் சிறியது. ஆயினும் சைனோவியல் சார்கோமா என்ற வகை கை, கால் மூட்டுகளின் அருகே, பெரும்பாலும் பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்கும் வருகிறது. அது ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே வளரக்கூடியது. விளையாட்டில் அடிபடும் வயதும் அதுவே என்பதால் குழப்பம் கூடுகிறது. இதே வயதினருக்கு எலும்பில் வரும் புற்றுநோய்களில், ஓய்விலும் இரவு உறக்கத்திலும் குறையாத வலி முக்கிய அறிகுறி.

கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டுவது, வாரத்துக்கு வாரம் பெரிதாவது, தோலுக்கு அடியில் நழுவாமல் ஆழத்தில் ஒட்டியிருப்பது, ஒருமுறை அகற்றிய இடத்திலேயே மீண்டும் வருவது ஆகியவை ஐயத்துக்கு இடமளிக்கும் அடையாளங்கள். கணுக்காலில் தசை குறைவு என்பதால் அங்கு 5 சென்டிமீட்டர் வளரும்வரை காத்திருப்பது சரியன்று. எலுமிச்சை அளவை எட்டாத கட்டியும் வளர்கிறது எனில் காட்டத்தக்கதே. வலி இல்லாததை நல்ல அறிகுறியாகக் கொள்ளவும் கூடாது. இவ்வகைக் கட்டிகளில் பல வலிப்பதில்லை.

இதில் நோயாளியைவிட மருத்துவமனைகள் செய்யும் ஒரு பிழையே பெரிய இழப்பைத் தருகிறது. கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி என்று கருதி, ஸ்கேன் எடுக்காமல் சிறு அறுவை அறையில் வெட்டி எடுத்துவிட்டு, ஆய்வு முடிவு வந்த பின் அது சார்கோமா என அறிவதுண்டு. வெட்டிய வழியெங்கும் புற்றணுக்கள் சிந்தியிருக்கக்கூடும் என்பதால், இரண்டாவது அறுவை பல மடங்கு பெரிதாகிறது. கணுக்கால் போன்று தோலும் தசையும் மெல்லிய இடத்தில், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்கவும் நேரலாம். ஆகவே ஐயத்துக்குரிய கட்டிக்கு முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதன் பின் ஊசி வழியே திசுப் பரிசோதனை, அதன் பின்னரே அறுவை என்ற வரிசை மாறக் கூடாது. ஊசி நுழைந்த தடத்தையும் பின்னர் அகற்ற வேண்டும் என்பதால், அந்த ஊசியை எங்கே செலுத்துவது என்பதை அறுவை செய்யப்போகும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மும்பை டாடா நினைவு மையத்தை நடுவாகக் கொண்டு 2012-ல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் நாடெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இணைந்துள்ளன. எளிய கட்டி என்று தெளிவாகாத எதையும் இத்தகைய நிலையத்துக்கு அனுப்பக் கேட்பது நோயாளியின் உரிமை.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

அடிபட்டது உறுதி, நடக்க முடிகிறது, புடைப்பு வாரத்துக்கு வாரம் சிறுக்கிறது என்றால் ஆறு வாரங்கள் வரை பொறுத்திருப்பதில் பிழையில்லை. அதற்குள் சிறுக்கவில்லை எனில் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெருத்தால் ஆறு வாரம் என்ற கணக்கே பொருந்தாது. அடிபட்டதாக நினைவே இல்லாமல் தோன்றிய கட்டிக்கும் அவ்வாறே.

பரிசோதனைகள் பெரும்பாலும் எளியவை. எலும்பைக் காண எக்ஸ்ரே, நீரா திடப்பொருளா என்று அறிய அல்ட்ராசவுண்ட். பெரும்பாலோருக்கு இவ்விரண்டுடனேயே விடை கிடைத்துவிடும். எல்லாச் சுளுக்குக்கும் முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுப்பது பணத்தை விரயம் செய்வதாகும். கைபேசியில் படம் அனுப்பி ஆலோசனை கேட்பதும் இந்த விஷயத்தில் அதிகம் உதவாது. கட்டி கெட்டியா மெத்தென்றா, தோலுடன் நகர்கிறதா, நாணை அசைத்தால் அசைகிறதா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும்.

படங்களுக்கு வேறொரு பயன் உண்டு. கட்டியின் அருகே அளவுகோலையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ வைத்து, இரண்டு கால்களும் தெரியும்படி, ஒரே கோணத்தில் வாரம் ஒருமுறை எடுத்துவரும் படங்கள், வளர்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு நினைவைவிட உறுதியான விடை தரும். அடிபட்ட நாள், கட்டியை முதலில் கண்ட நாள், முள் குத்திய அனுபவம், சர்க்கரை நோய், உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய விவரங்களைக் குறித்து எடுத்துச் செல்லலாம். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமை வீட்டில் விட்டுவிட்டு வருவது வழக்கமாகக் காணப்படும் ஒன்று. எலும்பில் தெரியும் மாற்றம் புதியதா பழையதா என்பதை அறிய மருத்துவருக்கு அந்தப் பழைய ஃபிலிமே தேவைப்படுகிறது.